மஞ்சள் துணி கட்டிய கலயம்

"அக்கா, மூலையில ஒரு கலயம் வெச்சிருந்தேனே, அது எங்க?"

பொன்னி வாசலில் நின்று கேட்டபோது ஜஹனாரா விதை அறையைப் பெருக்கிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. காலையிலிருந்து நின்று நின்று கால் கடுத்துப்போயிருந்தது. விழா நல்லபடியாக முடிந்த நிம்மதியில் வாய்க்குள் ஏதோ பாட்டு வேறு.

"எந்தக் கலயம்டி? இங்க இருக்கிறதெல்லாம் கலயம்தானே!"

"நான் காலையில கொண்டாந்தது. உங்களைத் தேடினேன். நீங்க பந்தல்ல மாவிலை கட்டிகினு இருந்தீங்க. இங்க மணலு ஈரமா குளுகுளுன்னு இருந்துச்சா, சூடு படாம கிடக்கட்டும்னு வெச்சுட்டுப் போனேன்."

ஜஹனாராவின் கையிலிருந்த துடைப்பம் நின்றது. பொன்னி கொண்டுவரும் கலயங்களில் என்ன இருக்கும் என்று அந்தக் கூடத்தில் எல்லோருக்கும் தெரியும்.

மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில், கால்வாய்க் கரையோரம், பாழடைந்து கிடந்த ஒரு உப்புக் கிடங்கை ஊர்க்காரர்கள் சிலர் சேர்ந்து வெள்ளையடித்து 'இயற்கைக் கூடம்' என்று பலகை மாட்டியிருந்தார்கள். கடல் மீன்களுக்கு ஒரு தொட்டி, காயம்பட்ட நாரைகளுக்கு ஒரு கூண்டு, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் எட்டிப் பார்க்க ஒரு பாம்புப் பள்ளம், பின்பக்கம் நாற்றங்கால். ஜஹனாராவுக்கு விதை அறை. புருஷன் கடலோடு போன பிறகு அவளுக்குச் சோறு போட்டது அந்த அறைதான். இருளர் குடியிருப்பிலிருந்து வரும் பொன்னிக்குப் பாம்பு அறை. ஜஹனாரா அந்தப் பக்கம் போகமாட்டாள். "உன் மாமியார் வீட்டுக்கு நான் வரமாட்டேன்டி" என்பாள். பொன்னி சிரிப்பாள்.

விதைக்கும் கலயம்தான், பாம்புக்கும் கலயம்தான். குழப்பம் வரக் கூடாது என்று பாம்புக் கலயத்துக்குச் சிவப்புத் துணி, விதைக் கலயத்துக்கு வெள்ளைத் துணி என்பது வழக்கம். இன்று மரம் நடும் விழா; சுற்றுவட்டாரத்தில் ஊருக்கொரு விதைக் கலயம் கொடுக்கும் நாள். பெரிய அதிகாரி வருகிறார், மங்களகரமாக இருக்கட்டும் என்று காரியதரிசி கோதண்டராமன் எல்லா விதைக் கலயத்துக்கும் புது மஞ்சள் துணி கட்டச் சொல்லியிருந்தார்.

"சிவப்புத் துணி கட்டின கலயம் எதுவும் நான் பார்க்கலியே" என்றாள் ஜஹனாரா.

"என் துணி கிழிஞ்சு போச்சுக்கா. சிவப்புத் துணி எல்லாம் பாம்பு ரூமுல கீது. அதோட சாவி சார்கிட்ட. அவரு அதிகாரியைக் கூட்டிவர ரோட்டுக்குப் போயிட்டாரு. இங்க மஞ்சத் துணி அடுக்கி வெச்சிருந்தீங்களே, அதுல ஒண்ணு எடுத்துக் கட்டினேன். தோ, இதானே அது!"

அறையில் ஒரே ஒரு கலயம் மிச்சமிருந்தது. ஏதோ ஒரு ஊர்க்காரர் வரவில்லைபோல என்று ஜஹனாரா நினைத்து ஒதுக்கி வைத்தது. பொன்னி குந்தி உட்கார்ந்து, காதை வைத்துக் கேட்டு, முடிச்சை மெதுவாக அவிழ்த்தாள். ஜஹனாரா சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

உள்ளே சாம்பல் பூசிய அகத்தி விதை.

இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"எது... எது அதுக்குள்ள?" என்றாள் ஜஹனாரா.

"கட்டுவிரியன்க்கா."

மூலையில் இருந்த கலயம். ஜஹனாராவுக்கு இப்போது நினைவு வந்தது. வராமலே இருந்திருக்கலாம். படாளத்து ஏரிக்கரை ஊரிலிருந்து சின்னப்பொண்ணு என்று ஒரு பெண் புருஷனோடு வந்திருந்தாள். வயிற்றில் ஆறு மாதம். வெயிலில் வாடிப்போய் நின்றவளைப் பார்த்து மனசு இளகி, "உனக்கு மூலையில இருக்கிறதைத் தர்றேன்மா. ஈர மணல்ல இருந்தது, ஜில்லுன்னு இருக்கு. பஸ்ஸுல மடியில வெச்சுக்க, குளுமையா இருக்கும்" என்று ஜஹனாராவே தூக்கிக் கொடுத்திருந்தாள். பொன்னி பாம்புக்கு அடியில் ஈர மணல் போடுவாள். அதனால் கனத்திலும் வித்தியாசம் தெரியவில்லை. விதைக் கலயத்தைக் குலுக்கினால் முளை கெடும் என்பார்கள். யாரும் குலுக்கிப் பார்க்கவும் இல்லை.

அதுமட்டுமா? கலயம் வாங்கிய ஒவ்வொருவரிடமும் சொன்னதை அவளிடமும் சொல்லி அனுப்பியிருந்தாள்.

'வீட்டுக்குப் போனதும் துணியைப் பிரிச்சு, கையை உள்ள விட்டு நல்லா அடிவரைக்கும் கிளறிவிடும்மா. இல்லன்னா விதை புழுங்கிப் போயிடும்.'

"யா அல்லா!" என்று ஜஹனாரா தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"கடிச்சா இன்னா ஆவும் பொன்னி?"

"எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும். வலியே தெரியாது. படுத்துத் தூங்குவாங்க, எழுந்திருக்கமாட்டாங்க." பொன்னி வாசலில் விழுந்த வெயிலைப் பார்த்தாள். "ஆனா பகல்ல அது அசையாதுக்கா. சுருண்டு தலையை அடியில சொருவிக்கும். வெளக்கு வெக்கிற நேரம்தான் அதுக்கு விடியல். அதுக்குள்ள போயிட்டோம்னா..."

கோதண்டராமன் பந்தலில் அதிகாரிக்கு இலை போட்டுப் பாயசம் ஊற்றவைத்துக்கொண்டிருந்தார். ஜஹனாரா காதோரம் விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம் வெளிறியது. ஆனால் சிரிப்பை விடவில்லை. அதிகாரியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே பல்லிடுக்கில் பேசினார்.

"மெதுவாப் பேசு. இந்த வருஷம்தான் சர்க்கார் உதவி கிடைக்கும்போல இருக்கு. பாம்புன்னு ஒரு வார்த்தை வெளியே போனா நாளைக்கே இந்தக் கூடத்துக்குப் பூட்டு. உனக்கும் வேலை இல்லை, எனக்கும் மானம் இல்லை. போய், விதை மாறிப்போச்சு, வேற நல்ல விதை தர்றோம்னு சொல்லி வாங்கிட்டு வந்துடு. புரியுதா?"

"அவங்க தொறந்துட்டா சார்?"

"தொறக்கிறதுக்குள்ள போ!"

பஸ் அடுத்தது எப்போதோ. சாலையில் கருவாட்டு லாரி ஒன்று மதுராந்தகம் சந்தைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தது. பொன்னி குறுக்கே போய் நின்று கையை விரித்தாள். டிரைவர் ஆபிரகாம் பிரேக்கை மிதித்து ஒரு வண்டி வசவு வைதான்.

"சாவறதுக்கு என் லாரிதான் கெடைச்சுதா?"

"அண்ணாத்த, படாளம் வரைக்கும் ஏத்திக்க. புள்ளைத்தாச்சி உசுரு."

பொன்னி எந்தப் பொருளில் சொன்னாளோ, ஆபிரகாம் வேறு பொருளில் எடுத்துக்கொண்டான். "பிரசவமா? ஏறு, ஏறு. ரெண்டு பேரும் மருத்துவச்சியா?"

இரண்டு பேரும் ஏறிக்கொண்டார்கள். லாரி கிளம்பியது.

திருக்கழுக்குன்றம் தாண்டும்வரை ஜஹனாரா வெளியே பார்க்கவே இல்லை. கண்ணை மூடினால் ஒரு கை தெரிந்தது. கண்ணாடி வளையல் போட்ட மெல்லிய கை. அது துணியைப் பிரிக்கிறது, உள்ளே போகிறது, அடிவரைக்கும் போகிறது. கண்ணைத் திறந்தால் ஆபிரகாமின் ஹாரன். மறுபடி மூடினால் மறுபடி அந்தக் கை. துவா ஓத வாயெடுத்தாள். பாதியில் வார்த்தை மறந்து மறந்து போயிற்று.

"இன்னாம்மா, பேயறைஞ்ச மாதிரி குந்திகினு கீற?" என்றான் ஆபிரகாம். "எத்தினி பிரசவம் பாத்திருப்ப, இதுக்குப் போயி நடுங்குறியே!"

"வண்டியை ஓட்டுங்க அண்ணே. இதைவிட வேகமாப் போவாதா?"

"போவும். உள்ள கீற கருவாடு உசுரு வந்து எழுந்து ஓடிடும், பரவால்லியா?"

அவனே சிரித்துக்கொண்டான்.

செங்கல்பட்டில் ரயில்வே கேட் மூடியிருந்தது. ஒரு கூட்ஸ் வண்டி, தனக்கு முன்னால் உலகத்தில் எந்த அவசரமும் இல்லை என்பதுபோல் நகர்ந்தது. அது போனதும் கேட் திறக்கும் என்று பார்த்தால், எதிர்ப்பக்கமிருந்து பாசஞ்சர் வருகிறதாம். ஜஹனாரா சூரியனைப் பார்த்தாள். மலைக்கு மேலே கொஞ்சம் சாய்ந்திருந்தது. பொன்னியும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பாம்பைப் பூனைக்குட்டிபோல் தூக்கும் பொன்னி உதட்டைக் கடித்துக்கொண்டிருப்பதைப் பார்த்ததும் ஜஹனாரா அவள் பக்கம் திரும்பினாள்.

"ஏண்டி, நீயே பயப்படுறியா?"

"பாம்புக்குப் பயமில்லக்கா. முடிச்சுக்குத்தான். நான் சும்மா ஒரு முடிச்சுதான் போட்டேன். சார் வந்ததும் மாத்திக் கட்டலாம்னு."

பாலாற்றுப் பாலத்தைத் தாண்டும்போது வெயிலின் நிறம் மாறியிருந்தது. லாரி எஞ்சினில் புகை கிளம்பி, ஆபிரகாம் இறங்கித் தண்ணீர் தேடி ஊற்றி, மறுபடி கிளப்பினான். படாளம் கூட்டுரோட்டில் அவர்களை இறக்கிவிட்டபோது மேய்ச்சல் மாடுகள் வீடு திரும்பிக்கொண்டிருந்தன.

"சுகப் பிரசவமாவும், கவலைப்படாத!" என்று கத்திவிட்டுப் போனான்.

ஏரிக்கரையில் இரண்டு பேரும் ஓட்டமும் நடையுமாகப் போனார்கள். ஜஹனாராவின் செருப்பு அறுந்தது. எடுக்கவில்லை. ஊர் கிட்ட வர வர அவள் காது அழுகைச் சத்தத்தைத் தேடியது. எங்கோ ஒரு குழந்தை அழுதது. அதற்கே அவளுக்கு மூச்சு நின்று வந்தது.

ஒரு சிறுவன் கைகாட்டிய சின்னப்பொண்ணின் வீட்டு வாசலில் அவளுடைய மாமியார் கன்னியம்மா முறத்தில் கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தாள். சாவு வீட்டில் யாரும் கேழ்வரகு புடைக்கமாட்டார்கள். ஜஹனாராவுக்கு அந்த முறத்தைக் கும்பிடலாம் போலிருந்தது.

"சின்னப்பொண்ணு... சின்னப்பொண்ணு இருக்காளா?"

"அடுப்பண்டை கீறா. யாரு நீங்க?"

குரல் கேட்டு உள்ளேயிருந்து சின்னப்பொண்ணே எட்டிப் பார்த்தாள். முகம் மலர்ந்தது. "அத்தை, இவங்கதான் விதை குடுத்த அக்கா! வாங்கக்கா. நீங்க சொன்ன மாதிரி வந்ததும் கிளறிவிடலாம்னு பாத்தேன். அத்தைதான் இன்னிக்குச் செவ்வாக்கெழமை, விதைக் கலயத்தைத் தொறக்கக் கூடாதுன்னுட்டாங்க."

ஜஹனாராவின் கண்ணில் நீர் முட்டியது. "அது எங்கம்மா இருக்கு இப்ப?"

"அடுப்புக்கு மேல உறியில தொங்குது. புகை பட்டா வண்டு வராதில்ல?"

பொன்னியின் விரல்கள் ஜஹனாராவின் முழங்கையை இறுக்கின. குடிசைக்குள் அரையிருட்டு. அடுப்பு சுடர்விட்டு எரிந்தது. அதற்கு நேர் மேலே, உறியில், மஞ்சள் துணி கட்டிய கலயம். சின்னப்பொண்ணு திரும்பிப் போய் அதன் கீழேயே குந்தி, ஊதுகுழலால் அடுப்பை ஊத ஆரம்பித்தாள்.

"சூடு ஏறிச்சுன்னா சும்மா கிடக்காதுக்கா" என்று பொன்னி காதில் முணுமுணுத்தாள்.

சொல்லிவிடலாமா? வாய் வரை வந்தது. கோதண்டராமனின் பல்லிடுக்குக் குரல் குறுக்கே வந்தது. பூட்டு. வேலை இல்லை. அதுதான் இன்னும் திறக்கவில்லையே, பேசாமல் வாங்கிக்கொண்டு போய்விட்டால் யாருக்கு என்ன நஷ்டம்?

"ஒண்ணுமில்லம்மா" என்றாள் கன்னியம்மாவைப் பார்த்து. சிரிக்கக்கூட முயன்றாள். "விதை மாறிப்போச்சு. அதைக் குடுத்தீங்கன்னா, நாளைக்கே வேற நல்ல விதை கொண்டாந்து தர்றோம்."

கன்னியம்மா முறத்தைக் கீழே வைத்தாள்.

"நல்ல விதையா? அப்ப இது சொத்தையா?"

"சொத்தை இல்ல... வேற ஊருக்கு உள்ளது. தெரியாம..."

"அதான பாத்தேன்!" கன்னியம்மா எழுந்து இடுப்பில் கையை வைத்துக்கொண்டாள். "எந்த ஊரு பெரிய மனுசன் கேட்டான்? எங்க ஊருக்கு ஒண்ணு குடுத்தாலே பொறுக்காதே! ஒரு ஓட்டை விதையைப் புடுங்கறதுக்குச் சமுத்திரக் கரையிலேருந்து ரெண்டு பொம்பள ஓடியாந்தா அதுல எத்தினி விசேஷம் கீதோ! ரெண்டும் வேர்த்து விறுவிறுத்துக் கீதுங்க பாரு!"

சொல்லிக்கொண்டே விறுவிறுவென்று உள்ளே போனாள். உறியிலிருந்து கலயத்தை இறக்கி மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"அம்மா, வேணாம்! மெதுவா!" பொன்னி பாய்ந்தாள்.

"கிட்ட வராத! செவ்வாயும் ஆச்சு, வெள்ளியும் ஆச்சு. அப்படி இன்னா விதை இதுன்னு பிரிச்சே பாத்துடுறேன்!"

அவள் விரல் முடிச்சுக்குப் போயிற்று.

"அதுல பாம்பு இருக்கு!"

கத்தியது தன் குரல்தான் என்று ஜஹனாராவுக்கே ஒரு நொடி கழித்துத்தான் தெரிந்தது. சின்னப்பொண்ணு ஊதுகுழலைக் கீழே போட்டாள். கன்னியம்மா மட்டும் சிரித்தாள்.

"மொதல்ல விதை மாறிச்சுன்ன. இப்ப பாம்புன்ற. நான் குடுக்கலன்னா இன்னும் கொஞ்ச நேரத்துல புலி கீதுன்னுவ!"

"சத்தியமா! கட்டுவிரியன்! தவறிப்போய் நான்தான் எடுத்துக் குடுத்தேன்!"

"போதும் நிறுத்து. பொய் சொல்றவளுக்குச் சத்தியம் ஒரு கேடா?"

ஒரு சுற்று அவிழ்ந்தது. பொன்னியால் பிடுங்க முடியாது. இழுபறியில் கலயம் விழுந்து உடைந்தால், அந்த இருட்டில், அடுப்போரம் குந்தியிருக்கும் கர்ப்பிணியின் வெறுங்காலடியில்தான் அது விழும். பொன்னி அசையாமல் நின்றாள். முதல் வார்த்தையே உண்மையாக இருந்திருந்தால் அந்தம்மாள் இந்நேரம் கலயத்தை எட்டத்தில் வைத்திருப்பாள். அதை நினைக்கவும் நேரமில்லை.

ஜஹனாரா இரண்டு எட்டில் கன்னியம்மாவை நெருங்கினாள். பிடுங்கவில்லை. தள்ளவில்லை. தன் இரண்டு உள்ளங்கைகளையும் கலயத்தின் வாய்மேல், அந்த மெல்லிய மஞ்சள் துணியின்மேல், பரப்பி அழுத்திக்கொண்டாள்.

"இப்ப பிரிங்க" என்றாள். "என் கைக்கு அப்புறம்தான் உங்க கை."

கன்னியம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தாள்.

அப்போதுதான் அடியிலிருந்து ஏதோ எழும்பி வந்தது. துணிக்கு அந்தப் பக்கம், வழுவழுவென்று, சூடாக, ஜஹனாராவின் உள்ளங்கையை ஒட்டி ஊர்ந்தது. ஒரு விளிம்புக்குப் போய் முட்டியது. வழி இல்லை. திரும்பி இந்தப் பக்கம் வந்து, சுண்டுவிரலுக்குக் கீழே, துணி நெகிழ்ந்த இடத்தில் முட்டியது. மறுபடி முட்டியது.

கையை எடுக்கச் சொல்லி அவள் உடம்பு முழுக்க அலறியது. அவள் எடுக்கவில்லை. கத்தவும் இல்லை, குரல் வந்தால்தானே. வாய் திறந்தபடி இருந்தது. கண் இமைக்கவில்லை. மேலுதட்டில் துளித்துளியாக வேர்வை அரும்பிக் கீழே சொட்டியது.

கன்னியம்மா அந்த முகத்தைப் பார்த்தாள். அவள் சிரிப்பு அப்படியே உதிர்ந்தது. கலயத்தைப் பிடித்திருந்த கைகள் இப்போது நடுங்கத் தொடங்கின.

"அம்மா, நடுங்காதீங்க. அப்படியே நில்லுங்க" என்றாள் பொன்னி, பிள்ளையைத் தூங்கவைக்கும் குரலில். "சின்னப்பொண்ணு, நீ எழுந்து சுவரோரமா வெளிய போ. ஓடாத. அக்கா, நான் சொல்றப்ப ஒவ்வொரு விரலா எடு."

பொன்னி தன் இடுப்பில் சுற்றியிருந்த கயிற்றை உருவினாள். கலயத்தின் கழுத்தில் துணியைச் சேர்த்துச் சுற்றினாள். ஒரு விரல். இன்னொரு சுற்று. இன்னொரு விரல். கடைசியில் உள்ளங்கையும் விலகியபோது கயிறு வரிந்து இறுகியிருந்தது. பொன்னி கலயத்தை வாங்கிக்கொண்டு வெளியே நடந்தாள்.

அதற்குள் தெரு திரண்டுவிட்டது. களத்து மேட்டில் எல்லோரையும் எட்ட நிறுத்திவிட்டு, பொன்னி ஒரு குச்சியை வைத்துக்கொண்டு துணியை விலக்கிக் காட்டினாள். கரும்பளபளப்பில் வெள்ளை வளையங்கள் ஒரு சுழி சுழித்தன. கூட்டம் ஓவென்று பின்வாங்கியது. மறு நொடி அது உள்ளே, கயிறு மேலே.

ஜஹனாரா வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். கன்னியம்மா வந்து எதிரில் நின்றாள்.

"என் மருமவ மடியில இதை வெச்சு அனுப்பினியா நீ?"

"ஆமா."

"வந்து, விதை மாறிச்சுன்னு வேற சொன்னியே. யாரு சொல்லச் சொன்னது?"

"எங்க சாரு. ஆனா சொன்னது என் வாய்தான்."

"நாளைக்கு மொத பஸ்ஸுக்கு நானும் என் புள்ளை சுப்பிரமணியும் வர்றோம். அந்த சார் எதிர்ல, நாலு பேரு எதிர்ல, நடந்ததைச் சொல்லுவியா?"

கூடத்தின் கதவில் தொங்கப்போகும் பூட்டு ஜஹனாராவின் கண்ணில் தெரிந்தது. அதற்கும் பயமாகத்தான் இருந்தது.

"வாங்க. சொல்றேன்" என்றாள்.

கன்னியம்மா தலையைத் திருப்பி, "ஏ சின்னப்பொண்ணு, பாத்துகினே நிக்கிறியே, தண்ணி குடுடி" என்று அதட்டினாள்.

சின்னப்பொண்ணு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். ஜஹனாராவால் அதைப் பிடிக்க முடியவில்லை. கை உதறிய உதறலில் பாதித் தண்ணீர் மடியில் கொட்டிற்று. அந்தப் பெண் சற்றும் யோசிக்காமல் பக்கத்தில் உட்கார்ந்து, கண்ணாடி வளையல்கள் கலகலக்க, தன் கையாலேயே சொம்பை அவள் வாயருகே பிடித்தாள்.